எட்டு முறை போயாயிற்று, கவுன்சலர் இன்னும் ஒரு வழியும் சொல்லவில்லை!

வாசகியின் கடிதம் நீளமானது. அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 38. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், ஒரு பிள்ளை. சின்ன வயதிலேயே அப்பா இறந்துபோனதால் அம்மாவையும் தங்கையையும் இவர்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். தங்கையின் படிப்புக்காக வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. போன வருடம் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அலுவலகத்தில் காரணமே இல்லாமல் அழுகை வரும் நிலைக்குப் போய், மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறார். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார், கடந்த மூன்று மாதமாகப் பெருமளவு பரவாயில்லை. மருத்துவர் சொல்லித்தான் கவுன்சலிங்கும் ஆரம்பித்திருக்கிறார்.

இதற்கிடையில் வேறு ஊரில் பதவி உயர்வோடு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அம்மா அழுகிறார். தங்கை "இனிமேல் அம்மா என் தலையிலா?" என்று கேட்கிறாள். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். போகலாமா வேண்டாமா என்று கவுன்சலரிடம் கேட்டால் அவர் பதில் சொல்வதே இல்லையாம். "நான் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்கிறார். பணம் கட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் குரலையே கேட்டுவிட்டு வருகிறேன். இதற்குச் சுவரோடு பேசலாமே என்கிறார் என் கணவர். முடிவில் 'இன்றைக்கு எப்படி இருந்தது?' என்று கேட்பார், அவர் மனம் நோகக்கூடாது என்று 'நன்றாக இருந்தது' என்பேன்" என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம் இவரே தேடிப் படித்ததில், இது மனிதநேய உளவியல் வழி என்று தெரிந்திருக்கிறது. அதிலிருந்து இன்னும் சில கேள்விகள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது என்றால் தன்னலமாக இருக்கச் சொல்கிறார்களா? கடனே தீராதபோது, மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய உளவியலாளர் மாஸ்லோ சொல்லும் மேல்படியை, அதாவது தன்னை முழுமையாக்கிக்கொள்வதைப் பற்றி யோசிக்கத் தனக்குத் தகுதி உண்டா? மனிதருக்குள்ளேயே குணமாகும் சக்தி இருக்கிறது என்றால் மாத்திரை எதற்கு, நிறுத்திவிடலாமா? கவுன்சலரை மாற்றிவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எதையும் பேசுவதற்கு முன்னால், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்கு வருகிறேன். "சில நாள் ராத்திரி படுக்கும்போது விடியாமலே போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும், அதெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம்தான். அப்படித் தோன்றுகிற எல்லோரும் உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறவர்கள் என்று அர்த்தமில்லை. மனச்சோர்வில் நிறையப் பேருக்கு வருகிற எண்ணம் இது, இதில் வெட்கப்படவும் எதுவும் இல்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்லவில்லை, கவுன்சலரிடமும் சொல்லவில்லை, முன்பின் தெரியாத எனக்குத்தான் முதன்முதலில் எழுதியிருக்கிறீர்கள் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இன்றோ நாளையோ போன் செய்து இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். எனக்கு எழுதிய அதே வார்த்தைகள் போதும். கணவருக்கும் தெரிந்திருக்கட்டும். அந்த எண்ணம் அடிக்கடி வர ஆரம்பித்தாலோ, எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தாலோ, நடுராத்திரியாக இருந்தாலும் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்பிக் கூட வைத்துக்கொண்டு தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

அவர் ஏன் வழி சொல்வதில்லை

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கவுன்சலர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் பயின்றவர் என்று தோன்றுகிறது. ரோஜர்ஸ் (1902–1987) அமெரிக்க உளவியலாளர். அவர் எழுத ஆரம்பித்த காலத்தில் இரண்டு வழிகள்தான் செல்வாக்காக இருந்தன. ஒன்று ஃபிராய்டின் வழி, உங்கள் ஆழ்மனத்தில் என்ன இருக்கிறது என்று நிபுணர் விளக்குவார். இன்னொன்று நடத்தையியல், எந்தப் பழக்கம் எதனால் வந்தது, அதை எப்படி மாற்றுவது என்று நிபுணர் திட்டம் போடுவார். இரண்டிலுமே தெரிந்தவர் நாற்காலிக்கு அந்தப் பக்கம், தெரியாதவர் இந்தப் பக்கம். இதை ஒத்துக்கொள்ளாமல் 1950களிலும் 60களிலும் ரோஜர்ஸ், ஆபிரகாம் மாஸ்லோ, ரோலோ மே போன்றவர்கள் எடுத்துவைத்த வழிக்குத்தான் மனிதநேய உளவியல் என்று பெயர் வந்தது. உளவியலின் மூன்றாம் சக்தி என்றும் அதைச் சொன்னார்கள்.

ரோஜர்ஸ் படித்து முடித்ததும் நேராக இந்த முடிவுக்கு வந்துவிடவில்லை. ராசெஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான ஒரு வழிகாட்டு நிலையத்தில் 12 வருடம் வேலை பார்த்தார், அங்கே அவரும் விளக்கம் சொல்கிறவராகத்தான் இருந்தார். அடங்காத ஒரு பையனின் அம்மாவோடு நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். சிறு வயதிலேயே அந்தப் பையனை அம்மா மனதால் ஒதுக்கியதுதான் பிரச்சினை என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அந்தப் பெண்ணுக்குப் புரியவைக்க எத்தனையோ சந்திப்புகளில் பொறுமையாக முயன்றார், ஒன்றும் நகரவில்லை. கடைசியில், நாம் இரண்டு பேரும் முயற்சி செய்தோம், பலிக்கவில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்ல, அவளும் ஒத்துக்கொண்டு எழுந்து வாசல் வரை போனாள். அங்கிருந்து திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் கவுன்சலிங் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்து, தன் திருமண வாழ்க்கையில் பட்ட வேதனையைக் கொட்ட ஆரம்பித்தாள். அதுவரை அவள் சொன்ன வறண்ட விவரங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அன்றைக்குத்தான் தொடங்கியது, பையனுக்கும் அதில்தான் குணம் தெரிந்தது. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்திருப்பவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் எடுத்துக்கொண்டார்.

உங்கள் விஷயத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். கவுன்சலர் "போங்கள்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அங்கே போய் அம்மா நினைப்பில் தவிக்கும்போது "அவர் சொன்னார், வந்தேன்" என்று இருக்கும். "போகாதீர்கள்" என்றால் அம்மா, தங்கை வரிசையில் அவரும் ஒரு ஆளாகச் சேர்ந்துவிடுவார். ஏற்கெனவே உங்கள் வாழ்க்கையை நடத்துகிறவர்கள் அதிகம். அவர் விலகி நிற்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் குறையும் நியாயமானது

சொன்னதையே திருப்பிச் சொல்வது இந்த முறையின் கேலிச்சித்திரம். ரோஜர்ஸுக்கே அதில் பெரிய வருத்தம் இருந்தது. தான் செய்ததை வெறும் எதிரொலியாக, ஒரு உத்தியாக மாற்றி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். தான் திருப்பிச் சொல்வதெல்லாம் 'உங்களுக்குள்ளே இருப்பது இதுதானா, நான் சரியாகப் பிடித்தேனா' என்று சரிபார்த்துக்கொள்வதற்கு என்றார்.

நீங்கள் "அம்மா அழுதால் எனக்கு எரிச்சல் வருகிறது" என்று சொல்கிறீர்கள் என்று வையுங்கள். "அம்மா அழுதால் எரிச்சல் வருகிறது" என்று ஒருவர் சொன்னால் அது எதிரொலி. "எரிச்சல் வந்த அடுத்த நிமிடமே அதற்காக உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறதே?" என்று கேட்டால் அவர் உண்மையாகவே உங்களோடு இருக்கிறார், நீங்கள் சொல்லாமல் விட்ட அரை அடியையும் கேட்டிருக்கிறார். முதலாவது மட்டுமே எட்டு முறையும் நடந்திருந்தால் அங்கே ஏதோ குறைகிறது.

1957இல் ரோஜர்ஸ் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் மிகவும் பெயர் பெற்றது. ஒருவர் உள்ளுக்குள் மாறுவதற்குத் தேவையான ஆறு நிபந்தனைகளை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் மனத் தொடர்பு இருக்க வேண்டும். வந்திருப்பவர் உள்ளே ஏதோ ஒரு முரணில் தவித்துக்கொண்டிருக்க வேண்டும். கவுன்சலர் போலியில்லாமல் இருக்க வேண்டும். நிபந்தனை வைக்காமல் வந்திருப்பவரை ஏற்க வேண்டும். அவர் உலகத்தை அவர் கண்ணாலேயே பார்க்க முயல வேண்டும். இவற்றில் கவுன்சலரைப் பற்றிய மூன்றையும் எல்லோரும் பேசுவார்கள். ஆறாவதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். இந்த ஏற்பும் புரிதலும் வந்திருப்பவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும். கவுன்சலர் எவ்வளவு அக்கறையாகக் கேட்டாலும் அந்த அக்கறை உங்களை எட்டவில்லை என்றால், ரோஜர்ஸ் கணக்குப்படியே வேலை இன்னும் நடக்கவில்லை. எட்டியதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அதனால்தான் நீங்கள் ஒவ்வொரு முறையும் சொன்ன "நன்றாக இருந்தது" எனக்கு உறுத்துகிறது.

யோசித்துப் பாருங்கள். அந்த அறைக்குள்ளும் நீங்கள் இன்னொருவர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அம்மாவிடம் செய்வது, தங்கையிடம் செய்வது, அலுவலகத்தில் செய்வது, எல்லாமே அதுதான். அப்பா போனபிறகு வீட்டைத் தாங்கிய பெண் நீங்கள். தாங்கும்வரை நல்ல பெண், தாங்கினால்தான் நான் இந்த வீட்டுக்கு வேண்டியவள் என்று அந்த வயதில் மனம் எழுதிக்கொண்டுவிடும், யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் இன்னபடி இருந்தால்தான் எனக்கு மதிப்பு என்று நாம் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் இந்த நிபந்தனைகள்தான் மனத்தின் பெரும்பாலான தவிப்புக்கு வேர் என்பது ரோஜர்ஸின் மையமான கருத்து. அந்த நிபந்தனைகளுக்கு ஒத்துப்போகாத உணர்ச்சி எது வந்தாலும், கோபம், ஆசை, சலிப்பு எதுவானாலும், வந்ததே நமக்குத் தெரியாதபடி மனம் அமுக்கிவிடும். உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா என்ன சொன்னார் என்பது ஒரு பக்கம், தங்கை சொன்னது அரைப் பக்கம், பிள்ளையின் பள்ளிக்கூடம் ஒரு பத்தி. இவ்வளவுக்கும் நடுவில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு "எனக்கும் போகலாம் போலத்தான்" என்று அரை வரி, அதிலும் அடுத்த வாக்கியம் கடனைப் பற்றி.

ஆகவே நான் சொல்லும் முக்கியமான யோசனை இதுதான். கவுன்சலரை மாற்றுவதற்கு முன்னால், அவரிடமே உங்கள் அதிருப்தியைச் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டாம். "இதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. எட்டு முறை வந்தும் இது எனக்கு எப்படி உதவுகிறது என்று புரியவில்லை. நன்றாக இருந்தது என்று சொன்னதெல்லாம் நீங்கள் வருத்தப்படக் கூடாது என்றுதான்" என்று சொன்னால் போதும். வாய் வரவில்லையென்றால் எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள்.

அவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதை வைத்தே நிறையத் தெரிந்துவிடும். நல்ல கவுன்சலர் என்றால் இது அவருக்குக் கிடைத்த மிக உபயோகமான தகவல். சொன்னதற்கு மனதாரச் சந்தோஷப்படுவார், இத்தனை நாள் சொல்ல முடியாமல் இருந்தது எப்படி இருந்தது என்று கேட்பார், தான் என்ன செய்ய முயல்கிறார் என்று மறைக்காமல் விளக்குவார், உங்களுக்கு வேறு ஏதாவது தேவையா என்று சேர்ந்து யோசிப்பார். ஒருவருக்குப் பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லியும் அவர் உங்களை ஒதுக்கவில்லை என்ற அனுபவம் உங்களுக்கு முதல்முறையாகக் கிடைக்கலாம், அதுவே எட்டு முறை பேசியதைவிடப் பெரிய சிகிச்சை. மாறாக அவர் முகம் சுருங்கினாலோ, "உங்களுக்குப் பொறுமை இல்லை" என்று குற்றம் உங்கள் மேல் திரும்பினாலோ, அல்லது "பயமாக இருக்கிறது என்கிறீர்கள்" என்று அதையும் எதிரொலித்துவிட்டு நிறுத்தினாலோ, மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. அதற்காக நீங்கள் யாருக்கும் துரோகம் செய்ததாக ஆகாது.

உங்கள் கணவரின் சுவர் பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. ரோஜர்ஸ் சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த முன்னோடி. 1942இல் வெளியான புத்தகத்தில் ஒரு முழுச் சிகிச்சையையும் வார்த்தைக்கு வார்த்தை அச்சிட்டார். அதுவரை கதவுக்குப் பின்னால் நடந்ததை யாரும் இப்படித் திறந்து காட்டியதில்லை. பதிவைக் கேட்ட பயிற்சி கவுன்சலர்கள், தாங்கள் எவ்வளவு குறுக்கிடுகிறோம், எவ்வளவு வழி நடத்துகிறோம் என்று அதிர்ந்துபோனார்கள். வாயை மூடிக் கவனிப்பது எளிது என்று நினைப்பவர்கள் வீட்டில் பத்து நிமிடம் செய்து பார்க்கலாம், கணவரோடு முயன்றுதான் பாருங்களேன்.

ஏற்றுக்கொள்வது என்றால் தன்னலமா?

இல்லை. உணர்ச்சியை ஏற்பது வேறு, செயலுக்குச் சம்மதிப்பது வேறு. "தங்கையைப் பார்த்தாலே கோபமாக வருகிறது" என்று நீங்கள் சொன்னால் அந்தக் கோபத்தோடு கவுன்சலர் உட்காருவார். அவளிடம் போய்ச் சண்டை போடுங்கள் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. கோபத்தை இருக்கவிட்டால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவரும். அனேகமாக அங்கே களைப்பும், நானும் ஒரு சின்னப் பெண்ணாகத்தானே இருந்தேன் என்ற ஏக்கமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, தவறாகவும் இருக்கலாம்.

மனிதரை உள்ளே வளரவிட்டால் அவர் மற்றவர்களோடும் நல்லபடியாக வாழவே விரும்புவார் என்பது ரோஜர்ஸின் நம்பிக்கை. இது கொஞ்சம் அதிக நம்பிக்கை என்று அந்த முகாமுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. மனிதருக்குள் இருக்கும் தீமையை ரோஜர்ஸ் போதுமான அளவு பார்க்கவில்லை என்று ரோலோ மே 1982இல் அவருக்கு ஒரு திறந்த கடிதமே எழுதினார். நானும் இதில் மேயின் பக்கம் கொஞ்சம் சாய்கிறவள்தான். ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குக் கவலை தருவது உங்கள் தன்னலம் இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில்கூட இல்லாததுதான். "நான் இதை விரும்புகிறேன்" என்று சொல்வதால் அம்மாவைக் கைவிட்டதாக ஆகிவிடாது. விருப்பம் என்னவென்று தெரிந்தபிறகும் நீங்கள் அம்மாவுக்காக இங்கேயே இருக்க முடிவெடுக்கலாம், அப்போது அது உங்கள் முடிவாக இருக்கும்.

மாஸ்லோவின் கூம்பும் உங்கள் கடனும்

கடன் அடைந்து, வீடு வாங்கி, எல்லோரும் நிம்மதியான பிறகுதான் என் விருப்பத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று அந்தக் கூம்பு வடிவப் படத்தைப் பார்த்து முடிவு செய்திருக்கிறீர்கள். அந்தப் படம் மாஸ்லோ வரைந்ததே இல்லை, பின்னால் வந்தவர்கள் போட்டது. 1943இல் அவர் எழுதிய மூலக் கட்டுரையில் தேவைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது, உண்மைதான். ஆனால் கீழே உள்ளது நூறு சதவீதம் நிறைந்தபிறகுதான் மேலே உள்ளது எழும் என்று நினைத்துவிடாதீர்கள் என்று அதே கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். உதாரணத்துக்காகத் தானே சில எண்களைப் போட்டுக்காட்டினார்: சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, தன்னை முழுமையாக்கிக்கொள்ளும் தேவை 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்று. அளந்து எடுத்த எண்கள் இல்லை அவை, எல்லாத் தேவையும் ஒரே நேரத்தில் பாதியும் காலுமாகத்தான் நிறைகின்றன என்று காட்டுவதற்காகச் சொன்னவை. கடனோடு இருப்பவருக்கும் ஆசைப்படத் தகுதி உண்டு.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். மனிதருக்குள் வளரும் நாட்டம் இருக்கிறது என்று ரோஜர்ஸ் சொன்னதை, மருந்து வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத்திரையும் கவுன்சலிங்கும் ஒன்றுக்கொன்று போட்டி கிடையாது, மிதமான மற்றும் கடுமையான மனச்சோர்வுக்குப் பல நேரம் இரண்டும் சேர்ந்தே பலன் தரும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கேடு, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம், நோயே திரும்பவும் வரலாம். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வதுதான் மருத்துவர்களின் வழக்கம். உங்களுக்குப் பரவாயில்லை என்று ஆகியே மூன்று மாதம்தான் ஆகிறது. விடியாமலே போகட்டும் என்ற அந்த எண்ணம் வேறு இருக்கிறது. இப்போது நிறுத்துகிற நேரமே இல்லை. நிறுத்தும் நேரம் வரும்போது மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார். பக்க விளைவு ஏதாவது தொந்தரவு செய்வதால்தான் நிறுத்தத் தோன்றுகிறது என்றால் அதை அவரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது.

இந்த முறை பலன் தருமா, வேறு முறைக்குப் போகலாமா

2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 464 பேரை வைத்து வெளியான ஆய்வில், இப்படி வழிகாட்டாமல் கேட்கும் கவுன்சலிங்கும், எண்ணங்களையும் நடத்தையையும் நேரடியாக மாற்றப் பயிற்சி தரும் சிபிடி என்ற முறையும், நான்கு மாதத்தில் குடும்ப மருத்துவரின் வழக்கமான கவனிப்பைவிட நன்றாக இருந்தன. ஒரு வருட முடிவில் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஷெஃபீல்டில் 510 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், ரோஜர்ஸ் வழியிலிருந்து வளர்ந்த சிகிச்சை ஆறு மாதத்தில் சிபிடிக்குக் குறைவாக இல்லை, ஆனால் ஒரு வருடத்தில் சிபிடி கொஞ்சம் முந்தியிருந்தது. ஆக மனச்சோர்வுக்கு இது நிரூபணமில்லாத வெறும் பேச்சு என்றும் சொல்ல முடியாது, இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்றும் சொல்ல முடியாது. கட்டாய எண்ணச் சுழல் நோய், திடீர்ப் பீதித் தாக்குதல் போன்றவற்றுக்கு நேரடிப் பயிற்சி தரும் முறைகளைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். உங்களுக்கு இருப்பது அது இல்லை.

நடுவழியும் உண்டு. ரோஜர்ஸ் போல் கேட்டுக்கொண்டே, தேவைப்படும்போது பயிற்சியும் வீட்டுப்பாடமும் கொடுக்கிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காக எழுதிய உரையாடல் முறைகூட ரோஜர்ஸின் கேட்கும் பாணியில் எழுந்ததுதான், அதோடு ஒரு திசையும் அதில் உண்டு. உங்கள் கவுன்சலரிடம் "எனக்குக் கொஞ்சம் கட்டமைப்பு வேண்டும், ஒவ்வொரு முறையும் எதைப் பேசுகிறோம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்யலாமா" என்று கேட்கலாம். தடையிருக்காது.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உள்ளவை:

- என்ன படித்திருக்கிறார், எந்த முறையில் பயிற்சி, அவருடைய வேலையை மேற்பார்க்க மூத்தவர் யாராவது இருக்கிறாரா.
- நான் சொல்வது வெளியே போகாதா, எப்போது போகும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதை நேர்மையான கவுன்சலர் முதலிலேயே சொல்லியிருப்பார். அந்தப் பயத்தில்தான் அந்த வரியை அவரிடம் மறைத்தீர்களா என்று எனக்குச் சந்தேகம். அப்படியே இருந்தாலும், சொன்னவுடன் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாது. உங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள என்ன வேண்டுமோ அதை முதலில் உங்களோடுதான் பேசுவார்.
- எத்தனை சந்திப்புக்கு ஒருமுறை நிதானித்துப் பார்க்கலாம், நிறுத்த நினைத்தால் எப்படி நிறுத்துவது. விடைபெற ஒரு சந்திப்பு ஒதுக்குவது நல்ல வழக்கம், கட்டாயம் இல்லை.

பதவி உயர்வு

நானும் போ, போகாதே என்று சொல்லப்போவதில்லை, ஆனால் சில நடைமுறை விஷயங்களைச் சொல்லலாம். மனச்சோர்வு முழுவதும் விலகாத நேரத்தில் பெரிய முடிவை நெருக்கடியில் எடுக்காமல் இருப்பது நல்லது, எனவே அலுவலகத்தில் பதிலுக்குக் கடைசி நாள் எது என்று எழுத்தில் கேளுங்கள், இன்னும் கொஞ்சம் அவகாசம் தருவார்களா என்றும் கேளுங்கள். முதலில் சில மாதம் மட்டும் போய்ப் பார்க்க வழி இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். கணவர் "உன் இஷ்டம்" என்றது எனக்குப் பாதி ஆதரவாகவும் பாதி ஒதுங்கலாகவும் கேட்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்று அவர் வாயாலேயே வரவழையுங்கள். தங்கை கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான், அதற்கு அழுகையும் குற்ற உணர்ச்சியும் இல்லாமல், அம்மாவின் மருந்து, துணை, செலவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். அவளும் வளர்ந்த பெண். அடுத்த சந்திப்பில் அந்த "எனக்கும் போகலாம் போலத்தான்" என்ற அரை வரியை மட்டும் எடுத்து, கடனையும் அம்மாவையும் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் பேசிப் பாருங்கள்.

போவதாக முடிவானால் கிளம்புவதற்கு முன்பே புது ஊரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய மருந்துச் சீட்டுகளையும் மருத்துவரின் குறிப்பையும் வாங்கிக் கையோடு எடுத்துப்போங்கள், இடம் மாறும் வாரங்களில் மாத்திரை தீர்ந்துபோகாதபடி இருப்பு வைத்துக்கொள்ளுங்கள், கவுன்சலிங்கை வீடியோவில் தொடர முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.